புவசோன்: ஓராட்டமும் ஒரு பருவமும்

உதைபந்தாட்டப் பருவத்திலே கெலிஓயாவிலும் அயலூர்களிலும் மாணவரிடையே ஒரு வாதம் எழுவதுண்டு. வலிய குழு மெலிய குழுவிடம் தோற்றால், அது ஆற்றற் குறைவாலா, தற்செயலாலா என்பதே அது. இதற்குக் கணித முறையில் விடைகாண வழிவகுத்தவர், இங்கிலாந்தில் 1863 இல் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றுமுன்னரே மறைந்துவிட்ட பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவராவர்.

சிமியோன் தெனி புவசோன் 1781 யூன் 21 ஆந் திகதி பிரான்சிலுள்ள பித்திவியே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஓய்வுபெற்ற போர்வீரர். மைந்தனைச் சத்திரவைத்தியனாக்க விரும்பிய குடும்பத்தார், உறவினர் ஒருவரிடம் தொழில் பயில விடுத்தனர். அவர் கைகளோ நுண்ணிய தொழிலுக்கு இசையவில்லை. அம்முயற்சி கைகூடாது வீடு திரும்பினார். பின்னர்ப் பொந்தேன்புளோவிற் கல்வி பயின்றபோதே அவரது கணித ஆற்றல் ஆசிரியரின் கண்ணிற் பட்டது.

1798 இல் பரிசின் புகழ்பெற்ற பொலிதெக்னிக் கல்லூரிக்கு முதல் மாணவராகத் தெரிவானார். வரைதலில் அவர் பின்தங்கியே நின்றார். ஆயினும் லாப்பிலாசு, லாகிராஞ்சி ஆகிய பேரறிஞர் அவர் திறத்தை மதித்தனர். 1806 இல் அக்கல்லூரியிலேயே பேராசிரியராகவும், 1812 இல் விஞ்ஞானக் கழக உறுப்பினராகவும் உயர்ந்தார். மின்னியல், காந்தவியல், இயக்கவியல் முதலிய துறைகளில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆக்கங்களை வெளியிட்டார்.

நமது வினாவோடு தொடர்புடைய நூல் 1837 இல் வெளிவந்தது. அதன் பொருள் விளையாட்டன்று, நீதி. பன்னிரு யூரர் கூடித் தீர்ப்பளிக்குமிடத்து அத்தீர்ப்பு தவறாதற்கு நிகழ்தகவு யாது என ஆராய்ந்த அந்நூலில், அருகியே நிகழும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் சூத்திரமொன்று சிறிதளவு இடத்தையே பெற்றது. பேரெண் விதி என்னும் கோட்பாட்டுக்கு அப்பெயரை வழங்கியவரும் அவரே. 1840 ஏப்பிரில் 25 இல் அவர் மறைந்தார்.

அச்சூத்திரத்தின் பயன் பின்னரே விளங்கிற்று. பிரசியப் படையின் பத்துக் குதிரைப்படைப் பிரிவுகளில், இருபதாண்டுகளிற் குதிரை உதைத்து இறந்தோர் 122 பேர். அவ்விறப்புக்கள் ஆண்டுதோறும் பரம்பியவாறு புவசோன் சூத்திரத்துக்கு இசைந்திருந்ததை 1898 இல் போட்கீவிச் காட்டினார்.

உதைபந்தாட்டத்திற் கோலும் அத்தகையதே. தொண்ணூறு நிமிடத்தில் முயற்சிகள் பல, கோல்களோ சில. 1982 இல் மாகர் என்னும் ஆய்வாளர், ஒவ்வொரு குழுவுக்கும் தாக்கும் வலிமை, காக்கும் வலிமை என இரண்டு எண்களை வகுத்து, சொந்த மைதானத்தின் அனுகூலத்தையுஞ் சேர்த்து, ஆட்டமொன்றில் எதிர்பார்க்கத்தக்க கோல்களின் சராசரியைக் கணித்தார். குறைந்த கோல்களுடைய ஆட்டங்களுக்கு இம்முறை முற்றிலும் பொருந்தாமையால், 1997 இல் டிக்சனும் கோல்சும் அதனைத் திருத்தினர்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு குழுவின் சராசரி இரண்டு கோல், எதிர்க்குழுவினது ஒன்று என்க. வலிய குழு எப்போதும் வெல்லும் என்று எண்ணத் தோன்றும். சூத்திரத்தின்படி, நூறு ஆட்டங்களில் அது வெல்வது ஏறக்குறைய 61, சமனாவன 21, தோற்பன 18. எனவே ஒரு தோல்வியைக் கொண்டு அக்குழுவை மெலியதென்றல் தகாது. ஆட்டங்கள் பெருகப் பெருக, பேரெண் விதிப்படி தற்செயலின் பங்கு தேய்ந்து உண்மை வலிமை புலப்படும். ஒவ்வொரு குழுவும் ஏனைய குழுக்களோடு சொந்த மைதானத்திலும் அயல் மைதானத்திலும் மோதும் நீண்ட பருவத்தின் நியாயம் இதுவே. அங்கும் ஓரிரு புள்ளிகளால் மட்டும் முந்திய குழுவே சிறந்ததென உறுதிகூற இயலாது.

அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புள்ளிவிபரவியல் பயிலச் செல்லும் நம் மாணவர், புவசோன் பரம்பல் என்னும் பெயரைத் தவறாது சந்திப்பர். அப்போது சத்திரவைத்தியம் கைகூடாது வீடு திரும்பிய அச்சிறுவனையும் நினைவு கூர்வாராக. அன்றே அவனைத் தகுதியற்றவனெனத் தீர்த்திருப்பின், உலகம் ஒரு கணித மேதையை இழந்திருக்கும். ஒரு பரீட்சையிலே தவறிய மாணவனுக்குத் தீர்ப்பெழுத முற்படும் ஆசிரியரும் பெற்றோரும், ஒரு பருவம் முழுவதும் பொறுத்துப் பார்ப்பது தகும்.