வெறும் ஊசிதான், மயக்க மருந்தே இல்லையா? ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு சீனாவில் நடந்தது என்ன?

அக்குபஞ்சர் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு கதை கூடவே வந்துவிடும். சீனாவுக்குப் போன அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவருக்கு மயக்க மருந்தே கொடுக்காமல், உடம்பில் ஊசிகளை மட்டும் குத்திவிட்டு ஆபரேஷன் செய்தார்கள் என்ற கதை. அந்தப் பத்திரிகையாளர் நிஜம். ஆபரேஷனும் நிஜம். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் ரெஸ்டன். 1909-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய், விளையாட்டுச் செய்தியாளராகத் தொடங்கி, 1939-ல் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்தார். இரண்டு முறை புலிட்சர் பரிசு வாங்கினார். வாஷிங்டனில் அதிபர்களே போனில் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குப் பெரிய ஆள்.

1971 ஜூலையில் மனைவி சாலியுடன் சீனா போனார். அப்போது இரு நாடுகளுக்கும் தூதரக உறவே கிடையாது. தெற்கே கேன்டன் நகரில் சில நாள் இருக்கச் சொன்னார்கள், இருந்தார். அவர் அங்கே காத்திருந்த நேரத்தில்தான் அதிபர் நிக்சனின் ஆலோசகர் ஹென்றி கிஸிஞ்சர் ரகசியமாக பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) வந்து பேச்சுவார்த்தை முடித்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஆண்டின் மிகப் பெரிய செய்தி, பக்கத்திலேயே இருந்தும் கைநழுவிப்போனது. பிறகு பீக்கிங்கில் அதிகாரிகள் விஷயத்தைச் சொன்னபோதுதான் வயிற்றுவலியின் முதல் குத்தல் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு நிருபரின் வேதனை இன்னொரு நிருபருக்குத்தான் புரியும்!

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் 103 டிகிரி. குடல்வால் அழற்சி. சேர்க்கப்பட்ட இடம், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கட்டிய மருத்துவமனை. கலாசாரப் புரட்சி காலத்தில் அதற்கு ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஜூலை 17 அன்று மருத்துவர் வூ வெய்ஜான் தலைமையில் குடல்வாலை அகற்றினார்கள். வழக்கமான முறையில், மரத்துப்போகும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்திய பிறகு. அக்குபஞ்சர் அங்கே இல்லவே இல்லை.

அது வந்தது மறுநாள் இரவு. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருகிற உப்புசம், வயிறு கல் மாதிரி இறுக்கம். ரெஸ்டனின் சம்மதத்தோடு, லி சாங்யுவான் என்ற அக்குபஞ்சர் மருத்துவர் மூன்று மெல்லிய ஊசிகளை வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் செருகினார். ஊசியை மெல்லத் திருகத் திருக, கை கால்களில் வலி அலை அலையாக ஓடியது. கூடவே மூலிகைத் துண்டுகளைப் பற்றவைத்து வயிற்றருகே சூடு காட்டினார். மொத்தம் 20 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் இறுக்கம் தளர்ந்தது, திரும்பவும் வரவில்லை. வாயுவை வெளியேற்ற இவ்வளவு சுற்றுவழியா என்று அந்த நேரத்தில் தனக்குத் தோன்றியதையும் ரெஸ்டன் மறைக்கவில்லை.

ஜூலை 26 அன்று கட்டுரை வெளியானது. அமெரிக்கா முழுக்க அக்குபஞ்சர் பேச்சுதான். வாய்க்கு வாய் மாறி, ஆபரேஷனுக்கு அடுத்த நாள் குத்திய ஊசி ஆபரேஷனுக்கு முன்னாலேயே நகர்ந்துவிட்டது. எழுதியவர் சரியாகத்தான் எழுதினார். படித்தவர்களும் கேட்டவர்களும் சேர்ந்து கதையை வளர்த்தார்கள்.

சரி, அந்த ஊசி உடம்பில் என்ன செய்கிறது? ‘சி’ எனும் உயிராற்றல் உடம்பிலுள்ள பாதைகளில் ஓடுகிறது, அடைப்பு வந்தால் நோய், ஊசி அதைச் சரிசெய்கிறது என்பது சீன மரபின் விளக்கம். அப்படிப்பட்ட பாதைகளை உடற்கூறியல் இதுவரை கண்டதில்லை. நவீன விளக்கம் வேறு. தோலிலும் தசையிலும் உள்ள நரம்புகளை ஊசி தூண்டுகிறது, அந்தச் சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது, உடம்பே எண்டார்ஃபின் போன்ற வலி குறைக்கும் பொருட்களைச் சுரக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. முறையான அக்குபஞ்சரில் சுமார் 47 சதவீதம் பேருக்குப் பலன். சம்பந்தமில்லாத இடங்களில் லேசாக ஊசி குத்தியவர்களிலும் சுமார் 44 சதவீதம் பேருக்குப் பலன்! வழக்கமான சிகிச்சையில் 27 சதவீதம்தான். அப்படியானால் வேலை செய்வது புள்ளியா, ஊசியா, நம்பிக்கையா? விவாதம் இன்னும் முடியவில்லை. ரெஸ்டனின் உப்புசமும் தானாகவே குறைந்திருக்கலாம். ஒருவரின் அனுபவம் ஆதாரம் ஆகாது.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் எதிர்பார்க்க வேண்டியதும் ஏறக்குறைய ரெஸ்டன் கண்டதுதான். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசி, குத்தும்போது கொசுக்கடி மாதிரி, பிறகு கனமாகவோ மரத்துப்போனது போலவோ ஓர் உணர்வு, 15 முதல் 30 நிமிடம் அசையாமல் படுத்திருப்பது. ஒரே தடவையில் எல்லாம் சரியாகாது, பல முறை வரச் சொல்வார்கள். லேசான ரத்தக்கசிவு, கன்றிப்போதல், தலைசுற்றல் வரலாம். மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, அரிதுதான் என்றாலும் நடந்திருக்கிறது. ஊசி புதிதாகப் பிரித்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேளுங்க, கூச்சப்படாதீங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, நாள்பட்ட வலிக்கும் குமட்டலுக்கும் ஓரளவு சான்று இருக்கிறது என்பதற்காக, மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பீக்கிங் மருத்துவர்களும் குடல்வாலுக்குக் கத்தியைத்தான் எடுத்தார்கள்.

ரெஸ்டன் குணமாகி, அடுத்த மாதமே சீனப் பிரதமர் சூ என்லாயைப் பேட்டி கண்டார். 1972 பிப்ரவரியில் நிக்சன் சீனா போனார். அமெரிக்க மருத்துவர்களும் ஊசி வித்தையைப் பார்க்கக் கிளம்பினார்கள். 1995 டிசம்பர் 6 அன்று, 86 வயதில், வாஷிங்டனில் ரெஸ்டன் இறந்தார். அரை நூற்றாண்டு அரசியல் எழுதியவரைப் பலர் நினைவில் வைத்திருப்பது அந்த 20 நிமிட ஊசிக்காகத்தான், அதையும் தப்பாக.