மாடுகளைக் கொன்ற தீவனம், உயிர் காக்கும் மாத்திரையானது எப்படி? யார் இந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட்?

1920-களின் தொடக்கம். கனடாவில் மாடுகள் திடீர் திடீர்னு செத்து விழுந்தன. கொம்பை அறுத்தால் ரத்தம் நிற்கவே இல்லை. காயமே படாத மாடுகளும் உடலுக்குள் ரத்தம் கசிந்து இறந்தன. தொற்றுநோயோ என்று விவசாயிகள் பயந்தனர்.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரியின் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட். 1889-ல் இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் படித்தவர். 1916-ல் கொரியா போய், மருத்துவக் கல்லூரியில் பாக்டீரியாவியல் கற்பித்தார். ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 போராட்டத்தைப் படம்பிடித்தார். 1920-ல் கனடா திரும்பினார்.

கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர்தான். ஆனா, இங்கே கிருமியோடு நிற்காமல், மாடுகள் என்ன தின்றன என்று பார்த்தார். எல்லாம் கெட்டுப்போன 'ஸ்வீட் க்ளோவர்' தீவனத்தைத் தின்றவை. ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைச் சில முயல்களுக்கும், கெட்ட தண்டுகளை வேறு முயல்களுக்கும் கொடுத்தார். நல்லதைத் தின்றவை பிழைத்தன. மற்றவை ரத்தம் கசிந்து செத்தன. அவ்வளவுதான், தீவனத்தை மாற்றினாலே மாடுகளைக் காப்பாற்றலாம் என்பது தெளிவானது.

கெட்ட தீவனத்தில் இருந்த பொருளை, பின்னாளில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் லிங்க் குழு பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவானதுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்து. 1954 முதல் மனிதருக்கும் மருந்து. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கு, ரத்தம் கட்டாமலிருக்க இன்னைக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள்.

ஸ்கோஃபீல்ட் 1970-ல் சியோலில் காலமானார். தென்கொரியா அவரைத் தன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தது.