மந்திரிக்கு எத்தனை மதிப்பு?

ஸ்கூடாயில் படிக்கும் நான், கடந்த விடுமுறையில் ஒரு சதுரங்க நிரல் எழுதினேன். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, ராணிக்கு 9 என்று காய்களின் மதிப்பை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். என்னைவிட நன்றாக ஆடும் தம்பி, மந்திரியின் மதிப்பைக் கூட்டச் சொன்னான். ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றி, மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. நான் இல்லாமல் அவனால் எதையும் சோதிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆலன் டியூரிங்கைப் பற்றிப் படித்தேன்.

1912-இல் லண்டனில் பிறந்தவர் அவர். தந்தை மெட்ராஸ் மாகாணத்தில் அரசு அதிகாரி. தாயார் பிறந்தது கோயம்புத்தூர் அருகே போத்தனூரில். பெற்றோர் இந்தியாவில் இருந்ததால், டியூரிங்கும் அண்ணனும் இங்கிலாந்தில் பிறர் பராமரிப்பில் வளர்ந்தனர்.

1936-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்தார். அதை மாற்றிக் கட்ட வேண்டாம். நாடாவில் எழுதித் தரும் கட்டளையை மாற்றினாலே வேறு கணக்கைச் செய்யும். இன்றைய கணினியின் அடிப்படை இதுவே. போர்க்காலத்தில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்க உழைத்தார்.

1948-இல் நண்பர் சாம்பர்நவுனுடன் சதுரங்க நிரல் ஒன்றை வகுக்கத் தொடங்கினார். அதை இயக்கக் கணினி அமையவில்லை. 1952-இல் தாமே காகிதத்தில் கணக்கிட்டு, அலிக் கிளெனியுடன் ஆடினார். ஒரு நகர்வுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்! 29 நகர்வுகளில் அவருடைய நிரல் தோற்றது.

அதே ஆண்டில் தன்பாலின உறவுக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1954-இல், 41 வயதில் மறைந்தார். நாட்டுக்கு உழைத்தவருக்கு அரச மன்னிப்பு கிடைத்தது 2013-இல்தான்.

டியூரிங் குதிரைக்கு 3, மந்திரிக்கு 3.5, யானைக்கு 5, ராணிக்கு 10 என மதிப்பிட்டிருந்தார். தம்பி சொன்னதும் அதுதானே! உடனே எல்லா மதிப்புகளையும் தனி உரைக்கோப்புக்கு மாற்றினேன். நிரல் தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்ளும், கம்பைல் தேவையில்லை.

முதல் நாளே தம்பி ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினான். ராணியின் மதிப்பு சுழியமாகி, நிரல் அவளைச் சும்மா பறிகொடுத்தது. கோப்பில் தவறு இருந்தால் பழைய மதிப்பையே எடுத்துக்கொள்ளும்படி திருத்தினேன்.

இப்போது சோதனைகளைத் தம்பியே செய்கிறான். நிரல் எழுதும் நண்பர்களே, மாறக்கூடிய எண்களை வெளியே வையுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரிடமும் நல்ல யோசனை இருக்கும்.