உ.வே.சா.வும் முன்சீப் கேட்ட வினாவும்

நம் துறையில் புதிதாகச் சேரும் மாணவரிடம் நாம் முதலில் கேட்பது, இப்போது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதேயாகும். சிலர் நாணித் தலை கவிழ்வர். சிலர் படிக்காத நூலின் பெயரைத் துணிந்து சொல்வர். இரண்டாம் வகையினரை நாம் கடிந்துகொள்வதில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம். இத்தகைய வினா ஒன்று, கற்றுத் தேர்ந்த தமிழாசிரியர் ஒருவரின் வாழ்வையே வேறு திசையில் திருப்பியது. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர். உத்தமதானபுரம் அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனுக்கோ தமிழ்மேல் தணியாத வேட்கை. அவ்வேட்கையே 1871இல் அவரை மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தது. பிள்ளையவர்கள் சாதி சமயம் பாராது பாடஞ்சொன்ன பெருந்தகை. நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் தமிழ் பயின்றவரே என்பதை நம் மாணவர் அறிந்துகொள்வது நலம். 1876இல் ஆசிரியர் மறையும்வரை சாமிநாதையர் அவரை அகலாதிருந்து அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனக் கடலனைய நூல்களைப் பாடங்கேட்டார். 1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பணி இவருக்குக் கிடைத்தது. அப்போது அகவை இருபத்தைந்து.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாகக் கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் தூண்டுதலால் சாமிநாதையர் அவரைக் காணச் சென்ற நாள் 1880 அக்டோபர் 21. யாரிடம் பயின்றீர்கள் என்று முதலியார் வினவினார். மகாவித்துவானின் பெயரைச் சொன்ன அளவில் பிறர் காட்டும் மதிப்பு அங்கே வெளிப்படவில்லை. என்னென்ன படித்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். ஐயர் பட்டியலை விரித்தார். பிரபந்தங்களைச் சொன்னார், புராணங்களைச் சொன்னார், நைடதத்தையும் கம்பராமாயணத்தையும் சொன்னார். முதலியாரின் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, பழைய நூல்கள் உண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவினார்.

ஐயர் அந்நூல்களைக் கண்ணாலும் கண்டதில்லை. அவர்தம் ஆசிரியரும் அவற்றைப் பயின்றதில்லை. இல்லை என்றே விடை சொன்னார். நூல் கிடைத்தால் படித்துப் பொருள் உணர இயலும் என்ற உறுதியையும் சேர்த்துச் சொன்னார். முதலியார் உளமகிழ்ந்தது அவ்விடத்திலேதான். தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படியைப் பின்னர் வழங்கினார். அதனை இருவரும் சேர்ந்து படிப்பது வழக்கமாயிற்று.

நாம் சொல்வதாகக் கூறிய காரணத்தை இங்கே சொல்லிவிடலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நேர்காணலுக்குச் சென்றிருந்தோம். அண்மையில் என்ன படித்தீர்கள் என்று கேட்டனர். மேலட்டையை மட்டும் பார்த்திருந்த ஓர் ஆய்வுநூலின் பெயரை உரக்கச் சொன்னோம். அடுத்த வினா அந்நூலின் மூன்றாம் இயலைப் பற்றியதாயிருந்தது. மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

சிந்தாமணி எளிதில் வசப்படவில்லை. நச்சினார்க்கினியர் உரை துணையிருந்தும் சமணக் கொள்கைகள் பலவிடங்களில் தடையாய் நின்றன. ஐயரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். ஆயினும் தயங்காமல் கும்பகோணத்துச் சமணர் இல்லத்தை நாடிச் சென்றார். அங்கே தோரணங்கட்டிச் சிறப்புச் செய்திருந்தனர். காரணம் கேட்டபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடுவதாகக் கூறினர். தாம் ஏட்டிலே பொருள் தேடித் தவித்த நூலை, அதே ஊரில் சிலர் இல்லத்தில் அமர்ந்து போற்றிப் படித்துவந்தனர் என்பது அவருக்குப் பெருவியப்பாயிற்று. அன்று முதல் அவர்களிடம் கேட்டுக் கேட்டு ஐயம் தெளிந்தார். அண்டை வீட்டார் என்ன படிக்கின்றனர் என்பதை நாமும் அறியாமலே வாழ்கின்றோம்.

1887இல் சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. முதலியார் கேட்ட மூன்று நூல்களும் இவ்வாறு தமிழருக்குக் கிடைத்தன. மணிமேகலைப் பதிப்பைக் காண முதலியார் இலர். 1892இலேயே அவர் மறைந்துவிட்டார்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் எனச் சிறப்புகள் வந்து குவிந்தன. 1940இல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் எழுதத் தொடங்கியபோது அவர் எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தார். முதலியார் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அன்று தாம் அடுக்கிய பட்டியலையும், அதற்குக் கிடைத்த புறக்கணிப்பையும், படித்ததில்லை என ஒப்புக்கொண்டதையும் அவர் மறைத்திருந்தால் அறிவார் யார்? ஒன்றையும் விடாமல், நாளும் கிழமையும் குறித்து எழுதினார். அத்தொடர் முற்றுப்பெறுமுன், போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார்.