கேர்ஷ்வின் கேளாத இசைத்தட்டுகள்

பல்லாண்டுகளாக நான் ஒரு தவறான எண்ணத்தை உண்மையென நம்பியிருந்தேன். 'சம்மர்டைம்' என்னும் பாட்டு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலே பிறந்து, ஆக்கியோன் பெயர் தெரியாது வாய்வழி வந்த நாட்டார் தாலாட்டு என்பதே அவ்வெண்ணம். மாணவப் பருவத்தில் நண்பரொருவர் வீட்டில் எலா ஃபிட்ஸ்ஜெரல்டின் குரலில் அதனை முதன்முதற் கேட்டபோது, இத்தகைய பாட்டை ஒரு தனி மனிதன் மேசைமுன் அமர்ந்து எழுதியிருக்க இயலாதென்றே எனக்குத் தோன்றிற்று. அதற்கு இசை வகுத்தவர் நியூயோர்க் நகரத்து யூத இளைஞர் என்பதும், 'போர்கியும் பெஸ்ஸும்' என்னும் பெரியதோர் ஒபெராவின் தொடக்கத்தில் மீனவனொருவன் மனைவி தன் குழந்தைக்குப் பாடுவதாக அது அமைந்தது என்பதும் மிகப் பிந்தியே எனக்குத் தெரியவந்தன. அந்த இளைஞரே ஜோர்ஜ் கேர்ஷ்வின். அவர் வாழ்வைப் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவர் உயிரினும் மேலாக மதித்த அந்த ஒபெராவுக்கும் இசைத்தட்டுகளுக்கும் இடையே நேர்ந்த விந்தையான உறவையே நான் சொல்ல விழைகிறேன்.

1898 செப்டெம்பர் 26ஆந் திகதி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் அவர் பிறந்தார். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர். தந்தை அடிக்கடி தொழிலையும் வீட்டையும் மாற்றிக்கொண்டிருந்தவர். மூத்த மகன் ஐரா கற்பதற்கென்று வீட்டுக்கு ஒரு பியானோ வாங்கினர். அது வந்திறங்கிய அன்றே, தெருவிலே திரிந்துகொண்டிருந்த இளையவன் ஜோர்ஜ் அதன்முன் அமர்ந்து ஒரு பாட்டைச் சரளமாக வாசித்துவிட்டானாம். ஐரா மனநிறைவோடு விலகிக்கொண்டார். பிற்காலத்தில் தம்பியின் மெட்டுகளுக்குச் சொற்கள் எழுதிப் புகழ்பெற்றவர் அவரே.

பதினைந்து வயதில் ஜோர்ஜ் பள்ளியை விட்டு நீங்கினார். ரெமிக் என்னும் பாட்டுப் பதிப்பகத்தில் கிழமைக்கு 15 டொலர் சம்பளம். சிற்றறையொன்றில் நாள்முழுதும் பியானோ வாசித்து, வந்துபோகும் பாடகர்களுக்குப் புதிய பாட்டுகளின் அச்சுப் பிரதிகளை விற்பதே வேலை. தானே இயங்கும் பியானோக்களில் இடும் துளையிட்ட காகிதச் சுருள்களுக்காகவும் அவர் வாசித்தார். நூற்றுக்கு மேற்பட்ட சுருள்கள் அவ்வாறு உருவாயின. ஆகவே, ஓசையைப் பிடித்து வைத்து விற்கும் தொழில் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமானது.

1919இல் எழுதிய 'ஸ்வானி' என்ற பாட்டு அவருக்குச் செல்வத்தைக் கொணர்ந்தது. அதைப் பாடித் தட்டிற் பதித்தவர், முகத்திற் கரிபூசிக் கறுப்பரைப்போல் வேடமிட்டு ஆடுவதிற் பேர்போன அல் ஜோல்சன் என்னும் வெள்ளையர். 1922இல் கறுப்பினத்தவர் வாழ்வைப் பற்றி ஓரங்க ஒபெரா ஒன்றை கேர்ஷ்வின் எழுதியபோதும், கரிபூசிய வெள்ளையரே அதில் நடித்தனர். ஒரே இரவோடு அது மேடையினின்று அகற்றப்பட்டது. இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் இருத்தவேண்டும்.

1924 பெப்ரவரி 12ஆந் திகதி அரங்கேறிய 'ராப்ஸடி இன் புளூ', அடுத்த ஆண்டின் பியானோ கொன்செர்ட்டோ, 1928இன் 'பாரிஸில் ஓர் அமெரிக்கன்' ஆகியவற்றின் கதை பலரும் அறிந்ததே. முதலாவதற்கு வாத்தியப் பகிர்வு செய்து கொடுத்தவர் வேறொருவர் என்பதனால், கேர்ஷ்வின் பாட்டுக்காரரேயன்றி இசைப்புலவர் அல்லர் என்ற ஏளனம் அவரை விடாது தொடர்ந்தது. பின்னைய ஆக்கங்களின் வாத்தியப் பகிர்வைத் தம் கையாலேயே எழுதினார். புகழின் உச்சியிலும் ஆசிரியர்களைத் தேடி அலைந்தார். அந்த அலைச்சலை நான் பணிவென்றே கொள்கிறேன். தாழ்வு மனப்பான்மை என்பாரும் உளர்.

1926இல் ஓரிரவு, உறக்கம் வராமல் டூபோஸ் ஹேவர்ட் எழுதிய 'போர்கி' நாவலை அவர் கையிலெடுத்தார். தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்துக் கறுப்பினத்தவர் சேரி அதன் களம். கால் வழங்காத போர்கி, வெள்ளாடு பூட்டிய சிறு வண்டியில் திரியும் பிச்சைக்காரன். முரடன் கிரவுணின் துணைவியாக இருந்து, அவன் கொலை செய்து ஓடியபின் போக்கிடமற்று நிற்கும் பெஸ்ஸுக்கு அவன் அடைக்கலம் தருகிறான். அன்பு மலர்கிறது, ஆனால், கிரவுண் திரும்பி வருகிறான், புயல் வருகிறது, போதைப்பொடி விற்பவனும் வருகிறான். வாசித்து முடித்ததும் கேர்ஷ்வின் ஹேவர்டுக்குக் கடிதம் எழுதினார். ஆயினும், பணி தொடங்க ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று. இடையிலே ஜோல்சன் இக்கதையை வாங்கிக் கரிபூசிய போர்கியாகத் தாமே நடிக்க முனைந்தார். ஹேவர்டுக்கோ பணமுடை. தாம் குறுக்கே நிற்கப்போவதில்லை என்று கேர்ஷ்வின் ஒதுங்கிக்கொண்டார். நல்வினையாக அத்திட்டம் தானே சிதைந்தது.

1934 கோடையில் கேர்ஷ்வின் சார்ள்ஸ்டனுக்கு அண்மையிலுள்ள ஃபொலி தீவுக்குச் சென்று ஓர் எளிய குடிலிலே தங்கினார். அயலிலிருந்த தீவுகளின் கறுப்பின மக்கள் கையாலும் காலாலும் தாளமிட்டுப் பாடும் வழிபாட்டிற் கலந்துகொண்டார். ஒருநாள், ஒரு வழிபாட்டு இல்லத்தின் வெளியே நின்றபோது, உள்ளே பலர் ஒரே வேளையில் வெவ்வேறு வேண்டுதல்களை உரத்துச் சொல்லும் ஒலி அவரை அப்படியே நிறுத்திவிட்டது. ஒபெராவின் புயற் காட்சியில் ஆறு குரல்கள் ஆறு வேண்டுதல்களை ஒருங்கே எழுப்புவது அதிலிருந்து விளைந்ததாகும். ஆயினும், எந்த நாட்டார் மெட்டையும் அவர் எடுத்தாளவில்லை. யாவும் அவருடைய சொந்த ஆக்கமே. என்னைப் போன்றவர்கள் ஏமாந்தது இதனாற்றான்.

ஏறத்தாழ இருபது மாத உழைப்பு. பாட்டுகளுக்கு இடைப்பட்ட உரையாடலையும் இசையாகவே அமைத்தார். நம் நாட்டுக்கூத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. நியூயோர்க்கின் பொழுதுபோக்கு அரங்குகளுக்கோ பெரும் புதுமை. வேறொரு நுட்பமும் உண்டு: இந்நாடகத்தில் வரும் வெள்ளையர் எவரும் பாடுவதில்லை, வெறுமனே பேசிவிட்டுப் போகின்றனர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையிற் பாடுவோர் கறுப்பினத்தவராகவே இருத்தல் வேண்டுமென அவர் உறுதிகொண்டார். அந்நாளில் மெட்ரோபொலிட்டன் ஒபெராவிற் கறுப்பினப் பாடகர் எவருக்கும் இடமில்லை. 1955இல் மேரியன் அன்டர்சன் பாடும்வரை அக்கதவு மூடியே இருந்தது. ஆகவே, அவர் பல்கலைக்கழகங்களிலும் இசைக் கல்லூரிகளிலும் கேளிக்கை அரங்குகளிலும் தேடினார். ஹொவர்ட் பல்கலைக்கழக ஆசிரியர் டொட் டங்கன் போர்கியானார். ஜுலியார்ட் மாணவி ஆன் பிரவுண் பெஸ்ஸானார். சுரம் வாசிக்கத் தெரியாத நடனக் கலைஞர் ஜோன் பபிள்ஸ் போதைப்பொடி விற்பவனானார்.

1935 செப்டெம்பர் 30இல் பொஸ்டனில் அரங்கேற்றம். மிக நீண்டுவிட்டதென்று கணிசமான பகுதிகள் வெட்டப்பட்டன. ஒக்டோபர் 10இல் நியூயோர்க் மேடையேறி, 124 தடவை நடந்து, முதலீடு செய்தோருக்கு நட்டத்தோடு முடிந்தது. ஒபெராவென்று சொல்லச் சிலரும், அல்லவென்று சொல்லச் சிலருமாக விமரிசகர் பிரிந்து நின்றனர். 1936இல் வாஷிங்டன் நஷனல் அரங்கில், பார்வையாளரை நிறத்தாற் பிரித்து இருத்தினால் பாடமாட்டோமென்று டங்கனும் தோழர்களும் மறுத்தனர். அரங்கத்தார் பணிந்தனர். இதனை நான் அந்த 124 இரவுகளினும் பெரிய வெற்றியாக எண்ணுகிறேன்.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். நியூயோர்க் அரங்கேற்றம் நிகழ்ந்த அதே ஒக்டோபரில், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இந்த ஒபெராவின் பாட்டுகளைப் பதிவுசெய்தது. பாடியோர் டங்கனும் பிரவுணும் அல்லர். மெட்ரோபொலிட்டனின் வெள்ளை நட்சத்திரங்களான லோரன்ஸ் டிபெட்டும் ஹெலன் ஜெப்ஸனும். கேர்ஷ்வின் அருகிருந்து மேற்பார்வை செய்தார். மேடையில் விட்டுக்கொடாத மனிதர் பதிவறையில் விட்டுக்கொடுத்தாரே என்று முதலில் நான் கசப்புற்றேன். ஆனால், பெயர்பெற்ற குரலுக்கே தட்டு விலைபோகும் என்பது அக்கால வணிக நியதி. நட்டத்தில் ஓடும் நாடகத்தின் ஆசிரியர் எவ்வளவு வாதாடியிருக்க முடியும்? அத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. டிபெட்டின் குரல் மாட்சிமை மிக்கது. அதனாலேயே பிச்சைக்காரனுக்குப் பொருந்தவில்லை.

வேறொரு கேடும் நேர்ந்தது. அந்நாளைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடத்துக்கு மேற் கொள்ளாது. மூன்று மணி நேரத் தொடரிசை துண்டு துண்டான பாட்டுகளாயிற்று. 1936 ஜூலையில் பில்லி ஹொலிடே பாடிய 'சம்மர்டைம்' மூன்று நிமிடமே ஓடுகிறது. அதில் ஒபெராவின் சாயலே இல்லை. ஆனால், அந்தக் குரலின் துயரத்தில், தொட்டிலருகே நிற்கும் தாய்க்குத் தன் விதி தெரிந்துவிட்டதோ என்று ஐயுறுகிறோம். கதையின்படி அவள் புயலிலே மடிபவள்.

கேர்ஷ்வின் 1936இல் திரைப்படங்களுக்கு இசையமைக்க ஹொலிவூட் சென்றார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கச்சேரி மேடையில் ஒரு கணம் நினைவு தடுமாறினார், கருகிய றப்பரின் நாற்றம் வீசுவதாகச் சொன்னார், தலைவலி பெருகிற்று. மனத்தளர்ச்சி என்றே பலர் கருதினர். மூளையில் வளர்ந்த கட்டியை அறிந்து சத்திரசிகிச்சை செய்தபோது காலம் கடந்துவிட்டது. 1937 ஜூலை 11இல் இறந்தார். வயது 38.

டங்கனும் பிரவுணும் பாடிய பாட்டுகளை டெக்கா நிறுவனம் விற்பனைக்குப் பதிவுசெய்தது 1940இல். மூன்றாண்டு பிந்திவிட்டது. 1942இல் பாடும் உரையாடலை நீக்கிப் பேச்சாக்கி மீண்டும் மேடையேற்றினர். மக்கள் திரண்டனர், ஒபெரா மேலும் குறுகியது. ஆன் பிரவுண் நிறவெறியைச் சகியாது 1948இல் நோர்வேயிற் குடியேறினார்.

நீள்தட்டு வந்தபின் நிலை மாறலாயிற்று. 1951இல் கொலம்பியா மூன்று நீள்தட்டுகளில் ஒபெராவின் பெரும்பகுதியை வெளியிட்டது. பாடியோர் லோரன்ஸ் வின்டர்ஸும் கமில்லா வில்லியம்ஸும். ஜாஸ் கலைஞர்களுக்கும் நீள்தட்டு புதுவழி திறந்தது. 1957இல் எலா ஃபிட்ஸ்ஜெரல்டும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் இருவராகவே எல்லாப் பாத்திரங்களையும் பாடினர். 1935இல் டிபெட்டும் ஜெப்ஸனும் செய்ததும் இதுவேயன்றோ! ஆயினும் எத்துணை வேறுபாடு! சேரியில் நண்டும் தேனும் விற்போர் கூவலை எலா பாடும்போது தெருவே கண்முன் வருகிறது.

1958இல் மைல்ஸ் டேவிஸ் சொல்லே இன்றித் தம் ட்ரம்பெட்டினால் இக்கதையை வாசித்தார். வாத்திய அமைப்பு கில் எவன்ஸ். வேண்டுதற் பகுதியில் ட்ரம்பெட் போதகராகிறது, குழு சபையாக மறுமொழி தருகிறது. சில இடங்களில் அடுக்குச் சுரங்களைக் குறைத்து, ஒரு சுரவரிசைக்குள்ளேயே அவர் உலாவுகிறார். இராக ஆலாபனைக்குப் பழகிய செவிக்கு இது விரைவில் இனிக்கும். ஜாஸ் கலைஞர்கள் கேர்ஷ்வினைச் சிதைத்துவிட்டனர் என்னும் ஒபெரா அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஃபொலி தீவின் அயலில் அவர் கேட்ட கேள்வியும் மறுமொழியுமான இசை, பல முழுமையான பதிவுகளிலும் பார்க்க இத்தட்டிலேயே தெளிவாகக் கேட்கிறது.

ஆனால், வேறொரு குற்றச்சாட்டை அவ்வளவு எளிதாகத் தள்ள இயலாது. இந்நாடகம் கறுப்பினத்தவரைச் சூதாடிகளாகவும் கொலைகாரராகவும் போதைக்கு அடிமைகளாகவும் காட்டுகிறதென அம்மக்களிற் பலர் நெடுங்காலமாக மனம் நொந்துள்ளனர். 1959இன் திரைப்படத்தில் போர்கியாக நடிக்க ஹரி பெலஃபொன்டே மறுத்தார். அதே ஆண்டு லீனா ஹோர்னுடன் சேர்ந்து அதன் பாட்டுகளைத் தட்டிற் பாடினார். கதையை ஏற்காத நெஞ்சும் இசையை விடாத நாவும் ஒரே மனிதரிடம் இருந்திருக்கின்றன. அதில் முரண்பாடு காண்போர் காணட்டும். எனக்கு அது விளங்குகிறது. கறுப்பினப் பாடகர்களே மேடையேற வேண்டுமென்ற நிபந்தனையை கேர்ஷ்வின் குடும்பத்தார் பிற்காலத்திலும் காத்தனர். 2018இல் புடாபெஸ்டில் வெள்ளையர் நடித்தமை பெரும் வாதத்தை எழுப்பியது.

1963இல் லியொன்டீன் பிரைஸும் வில்லியம் வார்ஃபீல்டும் பாடிய தேர்ந்த காட்சிகள் வெளியாயின. பிரைஸ் கணவனை இழந்த செரீனாவின் ஒப்பாரியையும் பாடுகிறார். இறுதியில் மேலேறும் அக்குரலைக் கேட்டபின் சிறிது நேரம் வேறெதையும் கேட்க மனம் வருவதில்லை. வெட்டுண்ட பகுதிகள் யாவும் சேர்ந்து கேர்ஷ்வின் எழுதியவாறே முழுமையாகப் பதிவானது, லொரின் மாஸெலின் நெறியாள்கையில் கிளீவ்லன்ட் வாத்தியக் குழுவோடு, 1975இல். அவர் இறந்து 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் ஒபெரா மேடையிலும் முழுமையை மீட்டது. மெட்ரோபொலிட்டன் தன் மேடையில் இதனை ஏற்றது 1985இலேயே.

கேட்க விரும்பும் மாணவர்கள் 1940ஆம் ஆண்டின் டங்கன்-பிரவுண் பதிவிலே தொடங்கி, எலா-ஆம்ஸ்ட்ரோங்கைக் கேட்டு, பின்பு மாஸெலின் முழுப் பதிவுக்குச் செல்லலாம். மைல்ஸ் டேவிஸ் கதை நன்கு தெரிந்தபின் கேட்கவேண்டியவர்.

இன்னொரு பதிவும் இருக்கிறது. 1935 ஜூலை 19இல், அரங்கேற்றத்துக்கு இரு மாதங்களுக்கு மேல் முன்னதாக, தாம் எழுதியது எவ்வாறு ஒலிக்கிறதெனக் கேட்டுப் பார்க்க கேர்ஷ்வின் வாத்தியக் குழுவையும் பாடகர்களையும் கூட்டி ஒத்திகை நடத்தினார். விற்பனைக்காக அன்றி, ஒத்திகைக்காகவே பதிந்த தட்டு அது. பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தது. குழுவை நடத்துபவர் அவரே. டங்கனும் பிரவுணும் பாடுகின்றனர். தாலாட்டைப் பாடுபவர் அபி மிச்செல். ஊசியின் கரகரப்பு மிகுதி. வெட்டுகளும் நட்டக் கணக்கும் வருவதற்கு முந்திய நாள் அது. வேகம் நான் கேட்டுப் பழகியதிலும் சற்றுக் கூடுதலாக இருக்கிறது.