வேலூர் அன்னை டாக்டர் ஐடா ஸ்கடர்



நம் திருத்தணியில் ஒரு வீட்டில் நோய் முற்றி, உள்ளூர் வைத்தியம் பலிக்காது போனால், வேலூருக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். சோளிங்கர் வழியாகப் பஸ்ஸிலோ, அரக்கோணம் சென்று காட்பாடிக்கு இரயிலிலோ நம்மில் பலர் அந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்கிறோம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் ஒரே ஒரு பெண்மணியின் உள்ளத்தில் உதித்த எண்ணம் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? எனவே இந்த விழா மலரில் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகத் தர விழைகிறோம்.

டாக்டர் ஐடா ஸ்கடர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷனைச் சேர்ந்தவர். ஆயினும், பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுப் போற்ற வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் நமக்குக் கற்பித்தது. நோயாளியின் கட்டிலருகே சபை வேறுபாடு ஏது?

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். பாட்டனாரோ 1819-ஆம் ஆண்டிலேயே தாயகம் விட்டுப் புறப்பட்டு, இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவக் குரு. ஆனால் சிறுமி ஐடாவுக்கு இந்த வாழ்வில் நாட்டம் இருக்கவில்லை. 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். அமெரிக்காவில் படிப்பை முடித்து அங்கேயே இனிதாக வாழ வேண்டும் என்பதே அவர் ஆசை. 1890-ஆம் ஆண்டில் திண்டிவனத்திலிருந்த தாயார் நோயுற்றதால், சில காலம் உடனிருந்து பார்த்துக்கொள்ளவே அவர் இங்கு வந்தார்.

அங்குதான் அந்த இரவு வந்தது. ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், மற்றவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தாள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அந்நிய ஆண் ஒருவர் தங்கள் பெண்களைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தார். உரிய இடத்தில் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கைதான் இல்லை. அன்றே ஐடா தம் வாழ்வின் பாதையை மாற்றிக்கொண்டார்.

அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று, 1899-ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக இருந்திருக்க வேண்டிய தந்தை சில மாதங்களிலேயே காலமானார். அந்நாளில் நம் திருத்தணி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நம் ஊர் பெற்றெடுத்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரீசுக் கல்லூரியில் மாணவராக இருந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான்.

வீட்டின் ஒரு சிறு அறையில் மருத்துவம் தொடங்கிற்று. அமெரிக்கச் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆனால் கட்டிடம் எழுந்தவுடன் கவலை தீரவில்லை. அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின் வரும் பத்து இரவுகளில் நோயாளியைக் காப்பது யார்? காய்ச்சல் ஏறுவதைக் கண்டறிவது யார்? கட்டை மாற்றுவது யார்? தொடக்க நாள்களில் ஐடாவுக்குத் துணை நின்றவர் அவர் வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி. அருகிருந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர் அவர்.

நோயாளியின் மலஜலத்தையும் இரத்தத்தையும் தொடுவது தீட்டு, குடும்பப் பெண்ணுக்கு அது தகாத வேலை என்று எண்ணிய காலம் அது. நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்த எண்ணத்திலிருந்து முற்றிலும் விடுபட்டிருந்தன என்று சொல்ல முடியாது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871-ஆம் ஆண்டிலேயே தாதியர் பயிற்சி தொடங்கியிருந்தாலும், முன்வந்தோர் மிகச் சிலரே. இந்நிலையில் 1909-ஆம் ஆண்டில், டீலியா ஹௌட்டன் என்ற பயிற்சி பெற்ற தாதியின் துணையோடு, ஐடா வேலூரில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவக் கல்விக்கு முன்பே தாதியர் கல்விக்கு அவர் அடித்தளமிட்டதை நாம் கவனிக்க வேண்டும். பெண்கள் மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1918-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதன் முதல் அணியில் 14 பெண்கள் 1922-ஆம் ஆண்டில் தேறி வெளியே வந்தனர்.

நகருக்கு வர இயலாத ஏழைகளைத் தேடி, 1906-ஆம் ஆண்டு முதல் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளிலேயே மருத்துவம் பார்த்தார். புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவதோடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் குழந்தையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும் கற்பிக்கும் பணி அங்கே வளர்ந்தது. இன்று சமுதாய நலச் செவிலியர் வீடு வீடாகச் செய்யும் தொண்டுக்கு அந்த மரத்தடி ஒரு முன்னோடி.

பின்னர், சென்னை மாகாண அரசு மருத்துவப் பள்ளிகளெல்லாம் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று விதித்தபோது, வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை வந்தது. ஏறத்தாழ எழுபது வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். 1942-ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின. 1946-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் செவிலியர் பட்டப் படிப்பும் வேலூரில் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய பட்டம் தொடங்கிய முதல் ஆண்டு அதுவே. வேலூரும் டெல்லியும் அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொண்டன.

நோயாளியைத் துடைத்துக் கவனிக்கப் பட்டம் எதற்கு என்று அன்று கேட்டவர் உண்டு. இன்றும் கேட்பவர் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டைக் கூறுவோம். நெடுநாள் படுத்திருப்போருக்கு முதுகில் படுக்கைப் புண் வரும். அதைத் தடுக்க ஸ்பிரிட்டும் பவுடரும் தேய்ப்பதே பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் முதிய நோயாளிகளை முறையாகக் கவனித்து, குறிப்பெழுதி, தம் துணையாளர்களோடு 1962-ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். மேலே தேய்ப்பதைவிட, நோயாளியைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதே பயன் தருவது என்று அதனால் தெரிய வந்தது. மருந்துச் செலவில்லாத இந்த அறிவு எத்தனையோ முதியோரின் வேதனையைத் தவிர்த்தது. கிரிமியப் போரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு கணக்கேட்டையும் கையில் எடுத்துக்கொண்டார் அல்லவா? அந்த வழியில் வந்ததுதான் இது.

இப்படித்தான் பழைய முறைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு மாறின. பிரசவமான தாயைப் பல நாள் படுக்கையிலேயே கிடத்தி வைத்த காலம் போய், விரைவில் எழுந்து நடக்கச் செய்கிறார்கள். கொதிக்கவைத்த கண்ணாடி ஊசிக்குப் பதில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி வந்துவிட்டது. எடை குறைந்து பிறந்த சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வைத்துக் காக்கும் முறை, 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டில் தொடங்கி உலகெங்கும் பரவியது. செவிலியர் முதுகலைப் படிப்பில் இன்று ஒவ்வொரு மாணவியும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பார்த்துப் பழகிய சலோமியின் காலத்திலிருந்து, பார்த்ததை ஆராயும் செவிலியரின் காலத்துக்கு நாம் வந்திருக்கிறோம்.

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், எல்லைப் போராட்டத்தின் பயனாக, நம் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு அடுத்த மாதம், கொடைக்கானலில் தம் இல்லத்தில், 89-ஆம் வயதில் டாக்டர் ஐடா இறைவனடி சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவரை ஆயிரமாயிரம் குடும்பங்கள் தாயாகக் கருதின. ஆந்திர எல்லையிலிருந்து தமிழ் பேசியும் தெலுங்கு பேசியும் சென்ற நோயாளிகளுக்கெல்லாம் அவர் நட்ட மரம் நிழல் தந்துகொண்டே இருக்கிறது.

பங்கு மக்களே! நம் பெண்மக்கள் செவிலியராகித் தொலைதூர ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இரவுக் காவல் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை மகிழ்வோடு பெறுகிறோம். ஆனால் பெண் பார்க்கும்போது நர்ஸ் என்றால் முகம் சுளிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இல்லையா? நமக்கு நோய் வந்து வார்டில் படுத்திருக்கும்போது, டாக்டரைக் கைகூப்பி வணங்கிவிட்டு, நம்மைத் திருப்பிப் படுக்கவைக்கும் தங்கையை அதட்டி அழைப்பதில்லையா? அன்று மூன்று பெண்கள் இறந்தது மருந்து இல்லாததால் மட்டுமன்று. தொடுவதைப் பற்றி மனிதர் வைத்திருந்த எண்ணத்தாலும்தான். அந்த எண்ணத்தின் மிச்சத்தை நம் வீடுகளிலிருந்து அகற்றுவதே நாம் டாக்டர் ஐடாவுக்குச் செலுத்தும் நன்றி.

நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய நம் ஆண்டவர், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர் அனைவரின் கைகளையும் ஆசீர்வதிப்பாராக!