ஐடா ஸ்கடர் விட்டுக்கொடுத்தது

பொருளியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே 'வாய்ப்புச் செலவு' என்ற கருத்தைக் கற்பிப்போம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிட நேரும் மற்றொன்றே அதன் உண்மையான விலை என்பது அதன் சாரம். இந்த அளவுகோலைக் கொண்டு வேலூர் மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்வைப் பார்த்தால், பலரும் தியாகம் என்று சுட்டும் இடம் ஒன்றாகவும், எனக்குத் தியாகமாகத் தோன்றும் இடம் வேறாகவும் இருக்கின்றன. அவர் மணம் புரியாமல் வாழ்ந்ததையும், அமெரிக்க வசதிகளைத் துறந்ததையுமே பெரும்பாலோர் சொல்வர். அவை சிறியவை அல்ல. ஆனால் அவர் கொடுத்த பெருவிலை எழுபது வயதைக் கடந்த பிறகு வந்தது.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு வந்த மருத்துவ ஊழியர், தந்தையும் மருத்துவரே. குழந்தைப் பருவத்திலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டவர் ஐடா. அதனாலோ என்னவோ, குடும்பத் தொழிலான ஊழியம் தனக்கு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்வதுதான் அவருடைய எண்ணம்.

தாயின் உடல்நலக் குறைவு அவரைத் திண்டிவனத்துக்கு வரவழைத்தது. அங்கே ஓர் இரவில், அடுத்தடுத்து மூன்று ஆடவர்கள் வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு அவரிடம் வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் மற்றோர் உயர்சாதி இந்து. தான் மருத்துவம் படிக்கவில்லை என்றும், தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

மருத்துவர் இல்லாததால் நேர்ந்த மரணங்கள் அல்ல இவை. மருத்துவர் அழைக்கும் தொலைவில் இருந்தார்; மருத்துவம்தான் அப்பெண்களை எட்டவில்லை. பற்றாக்குறையும் எட்டாமையும் ஒன்றல்ல என்பதை நலவாழ்வுத் திட்டங்களை வகுப்போர் இன்றும் மறந்துவிடுகின்றனர். அந்த இளம்பெண் ஓர் இரவில் அதை உணர்ந்துகொண்டார். அமெரிக்கா திரும்பி, பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரி வகுப்பில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார்.

வீட்டின் ஒரு சிற்றறையே முதல் மருத்துவமனை. வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் எழுந்தது. கொடுத்தவரின் நன்றிக்குரிய பெயர் அங்கே நிலைத்தது. ஐடாவோ வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் பயணம் செய்து, மரத்தடிகளில் காத்திருந்த நோயாளிகளைக் கவனித்தார்.

எத்தனை பேரைக் கவனித்தாலும் ஒரு பெண்ணின் இரு கைகளுக்கு எல்லை உண்டு. எனவே 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். விண்ணப்பங்கள் மூன்று வந்தாலே பெரிது என்று சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் ஐயுற்றார், வந்தவை 151. முதல் தேர்வை எழுதிய 14 மாணவியரும் தேறினர்.

பின்னர் வந்தது சோதனை. மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சென்னை மாகாண அரசு 1938-இல் முடிவு செய்தது. பட்டயம் மட்டுமே தந்துவந்த வேலூர்ப் பள்ளிக்கு இது ஏறத்தாழ மரண ஓலை. கூடுதல் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வகங்கள் அனைத்தும் தேவை. உலகமோ போரில் எரிந்துகொண்டிருந்தது. 1941-இல் நிதி திரட்ட ஐடா அமெரிக்கா சென்றார். இந்தியாவில் பணியாற்றிய பல திருச்சபைகள் உதவ முன்வந்தன. ஆனால், அவை நாடியது ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் கல்லூரி.

அந்த மூன்று மரணங்களிலிருந்து பிறந்த நிறுவனம் அது. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் செய்ய வேண்டும் என்பதே அதன் வேர். ஆசியப் பெண்களின் உயர்கல்விக்காக அமெரிக்கப் பெண்களிடம் ஊர் ஊராகப் பணம் திரட்டிய லூசி பீபாடி, ஐடாவின் நெடுங்காலத் துணைவர். அவர் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவர் பக்கம் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல இயலாது. பெண்களுக்கென்று பெண்கள் தந்த பணத்தை வேறு வகையில் செலவிடுவது நம்பிக்கை முறிவு என்று அவர் கருதியதில் தவறென்ன?

ஐடா தயங்கினார், பிறகு இசைந்தார். உடைமைகளைத் துறப்பவர் பலர் உண்டு. தன் வாழ்நாள் முழுதும் சரியென்று போற்றிய ஒரு வடிவத்தை, அதன் உயிர் பிழைக்கும்பொருட்டு, நெருங்கிய நட்பையும் பணயம் வைத்துத் துறப்பது அரிது. தான் கட்டியது தன்னுடையது அன்று, இறைவன் தந்த பொறுப்பே என்று நம்பியவரால்தான் அது இயன்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கிடைத்தது. 1946-இல் ஐடா ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பின்னர் இந்தியரான மருத்துவர் ஹில்டா லாசரஸ் இயக்குநரானார். ஐடா கொடைக்கானலில் 'ஹில் டாப்' என்ற தம் இல்லத்தில் வாழ்ந்து, 1960 மே மாதத்தில் 89-ஆம் வயதில் மறைந்தார். அதற்குள், ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயின்ற பல அணியினர் வேலூரிலிருந்து மருத்துவர்களாக வெளியேறியிருந்தனர்.